சுண்ணாம்பில் கிடக்கும் தோலுக்கு லீவு கிடையாது

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி காலை 6.30 மணிக்கு, ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பிரான்சிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அங்கே அப்போது அதிகாலை மூன்று மணி. அது மறுபடி இரண்டு மணியாகிறது. ஆம்பூரில் அந்த நொடியில் எதுவும் அசைவதில்லை. வித்தியாசம் திங்கட்கிழமைதான் தெரியும். முந்தின வாரம்வரை பகல் 12.30க்கு ஒன்பது மணி அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்த ஜெர்மன் பையர் இனி நமக்கு 1.30க்குத்தான் கிடைப்பார். ஆறு மணிக்குக் கணக்கை மூடுகிற ஏற்றுமதிப் பிரிவுக்கு, அவரோடு பேசக் கிடைத்த ஐந்தரை மணி நேரம் நாலரையாகச் சுருங்கிவிடும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாளென்று வானிலைத் துறை பொதுவாகக் கணக்கில் வைத்திருப்பது அக்டோபர் 20. ஆக, ஐரோப்பா கடிகாரத்தைத் திருப்புகிற அதே நாட்களில்தான் பாலாற்றுப் படுகையிலும் வானம் கறுக்கிறது. தீபாவளி விடுமுறையும் பெரும்பாலும் அந்த ஓரிரு வாரங்களுக்குள்ளேயே வந்து விழும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த மூன்றும் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் ஒரே மேசைக்கு வந்து சேருகின்றன.

இயற்கையின் சீற்றமோ அரசின் நேர உத்தரவோ ஒரு தொழிலை நிறுத்தும்போது, எத்தனை மணி நேரம் நின்றது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தோல் தொழிலில் அந்தக் கேள்வி போதாது. வேலையின் எந்தக் கட்டத்தில் நின்றது, எவ்வளவு முன்கூட்டிச் சொல்லிவிட்டு நின்றது என்ற இரண்டும்தான் நஷ்டத்தைத் தீர்மானிக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தோலிலிருந்தே தொடங்க வேண்டும்.

பச்சைத் தோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். நாராக நாராகப் பின்னிக் கிடக்கும் அந்தப் புரதம்தான் பிற்பாடு ஷூவாகப் போகிறது. மாட்டின் உடலில் இருந்தவரை தடுக்கப்பட்டிருந்த பாக்டீரியாக்கள், அறுத்த சில மணி நேரத்திலேயே அந்தப் புரதத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும். வெப்பநிலை 10 பாகை கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் சுமாராக இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் புழங்கும் கணக்கு. வேலூர் வெயிலில் அதன் அர்த்தம் என்னவென்று கையால் தொட்டே பார்க்கலாம்: முடியைப் பிடித்து இழுத்தால் கொத்தாகக் கழன்று வரும். முடி கழன்றுவிட்டால் தோல் போய்விட்டது என்று அர்த்தம்.

இதைத் தடுக்கத்தான் உப்பு. தோலின் எடையில் 30 முதல் 40 சதவீதம்வரை உப்பைப் போட்டு அடுக்கினால், அது தோலிலிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். நீரில்லாமல் பாக்டீரியா பெருகாது. உப்பிட்ட தோல் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆனால் டேனரி எனும் பதனிடும் ஆலைக்கு வந்து, ஊறப்போட்டு, உப்பைக் கழுவிவிட்ட நிமிடத்திலிருந்து பழைய அவசரம் திரும்பி வந்துவிடுகிறது.

ஊறிய தோல் அடுத்ததாகச் சுண்ணாம்பு டிரம்முக்குள் போகிறது. சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தக் கரைசலின் pH அளவு 12ஐத் தாண்டும். முடி கரைகிறது, நார்கள் உப்பிப் பிரிகின்றன. இதற்கு 18 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். டிரம் முழுநேரமும் சுற்றுவதில்லை. மணிக்குச் சில நிமிடம் சுற்றி நிற்கும். அந்தச் சில நிமிடம் நின்றுபோனால் அடியில் கிடக்கும் தோல்கள் மேலுள்ள பாரத்தில் அமுங்கி, மடிப்புக்குள் கரைசல் புகாமல், பின்னால் எந்த ஃபினிஷிங்கிலும் மறைக்க முடியாத சுருக்கத்தோடு வெளியே வரும்.

சுண்ணாம்பை நீக்கிய பிறகு வருவதுதான் எல்லாவற்றையும்விட நுட்பமான கட்டம். 35 பாகைக்கு அருகிலுள்ள வெதுவெதுப்பான நீரில் நொதிகளைக் கலந்து, தேவையில்லாத புரதங்களைக் கொஞ்சமாகத் தின்ன விடுகிறார்கள். முக்கால் மணி, ஒரு மணி நேர வேலை. போதுமா என்று பார்க்க இன்றைக்கும் பழகிய கைதான் அளவுகோல்: தோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் பதிந்த பள்ளம் மேலெழாமல் அப்படியே நிற்க வேண்டும். நின்றதும் உடனே கழுவ வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் எழாமல் போனால், நொதிக்கு நிறுத்தத் தெரியாது. நல்ல நாரையும் தின்றுவிடும். பிறகு அந்தத் தோலை மடக்கினால் மேற்பரப்பு அடியிலிருந்து விலகி வரிவரியாக எழும்பும். ஷூவின் முன்பக்கத்துக்கு அது ஆகாது.

அதைத் தாண்டினால் மறுபடி நிம்மதி. உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலின் pH அளவை 3க்குக் கொண்டுவந்துவிட்டால் பாக்டீரியா அண்டாது, வாரக்கணக்கில் வைக்கலாம். குரோமியம் ஏறி நீல நிறமான வெட் ப்ளூ ஆகிவிட்டால், பூஞ்சை பிடிக்காமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பதனிடாத தோல் 65 பாகைச் சூட்டில் சுருங்கிப் போகும். வெட் ப்ளூ கொதிக்கிற தண்ணீரையே தாங்கும். நிறுத்தினாலும் கெடாத இடங்கள் இந்தப் பாதையில் மூன்றே: உப்பு, அமிலக் கட்டம், வெட் ப்ளூ. ரயிலுக்கு ஸ்டேஷன் போல. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் பாலத்தின்மேல் வண்டி நின்றால் இறங்கவும் முடியாது. டேனரி சூப்பர்வைசர் ஒருவர், நாளைக்கு லீவு என்றால் இன்றைக்கு எந்த டிரம்மில் எதைப் போடக்கூடாது என்று முடிவு செய்வது இந்த வரைபடத்தை மனதில் வைத்துத்தான்.

உப்பு கொடுத்த அவகாசத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைச் சொல்லாமல் நகர்வது நியாயமாகாது. ஊறப்போட்ட தண்ணீரோடு வெளியேறிய உப்பும், பதனிட்ட பிறகு மிஞ்சிய கழிவும் பல பத்தாண்டுகளாகப் பாலாற்று மணலிலும் கிணறுகளிலும் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடித்தளமான தீர்ப்புகளில் ஒன்று. அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், சொட்டு நீரும் வெளியே விடக்கூடாது என்ற விதியும் வலுப்பெற்றன. ஆனால் உப்பு எங்கும் மறைந்துவிடாது. நீரைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் உப்புக் கரைசலை வெயிலில் காயவிடும் பாத்திகள் ஐப்பசி, கார்த்திகையில் காயாது. மழைநீரும் சேர்ந்து நிரம்பும். மழைக்காலம் தொழிலை நிறுத்துகிற அதே நேரத்தில் தொழிலின் கழிவையும் ஆற்றை நோக்கித் தள்ளுகிறது. பாலாற்றில் நுரை பொங்குகிறது என்ற செய்தி வெள்ளக் காலத்தில் வருவதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் என்ன நடந்தது என்பதை இந்த வரைபடத்தை வைத்துப் பார்க்கலாம். மார்ச் 24 மாலை 6 மணி முதல் மாநிலம் முழுவதும் 144 தடை உத்தரவு என்று தமிழக அரசு அதற்கு முந்தின நாள் அறிவித்தது. 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. முதல் உத்தரவுக்கு ஒரு நாள் அவகாசம் இருந்தது, இரண்டாவதற்கு நான்கு மணி நேரம். சுண்ணாம்பு டிரம்மின் கணக்கோ 18 முதல் 24 மணி நேரம். காலையில் சுண்ணாம்பில் இறங்கிய தோலை மாலை ஆறு மணிக்கு எந்த உத்தரவாலும் வெட் ப்ளூ ஆக்க முடியாது. நோய்த்தொற்றைத் தடுக்க வேகமாக முடிவெடுத்தாக வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மருந்து ஆலையும் பால் பண்ணையும் நிறுத்த முடியாதவை என்று அரசின் பட்டியலுக்குத் தெரிந்திருந்தது. பாதி வழியில் நிற்கும் தோலும் அழுகும் பொருள்தான் என்பது பிற்பாடு விண்ணப்பம் எழுதிச் சொல்ல வேண்டிய செய்தியாக இருந்தது.

அடுத்த வருஷம் ஆறு வந்தது. பாலாறு நந்திமலைப் பக்கம் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் கடந்து தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுகிறது என்பது பெயருக்குத்தான். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அது மணல்வெளி. 2021 நவம்பர் 19 அதிகாலை ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போனது. மோர்தானா அணை நிரம்பி வழிய, குடியாத்தம் நடுவே கவுண்டன்யா ஆறு கரைமீறியது. பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். தொழில் நஷ்டம் பேசுவதற்கு முன் அந்த ஒன்பது பேரைச் சொல்லியாக வேண்டும்.

வறண்டு கிடக்கும் ஆறு ஒரே நாளில் இப்படி வருவதற்கு மழை மட்டும் காரணமில்லை. பாலாற்றுப் படுகை முழுக்க ஏரிச் சங்கிலி. மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே. பருவத்தின் தொடக்கத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், காய்ந்த மண்ணும் காலி ஏரிகளும் அதில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். ஆற்றில் தண்ணீரே தெரியாது. அதே 10 சென்டிமீட்டர் மூன்று வாரம் கழித்துப் பெய்யும்போது ஏரிகள் நிறைந்து கிடக்கின்றன. மேலே விழுந்தது அப்படியே கீழே வருகிறது. வெள்ளத்தின் அளவும் கூடுகிறது, அது வந்து சேரும் நேரமும் குறைகிறது. முதல் மழையில் அரை நாள் கிடைத்த எச்சரிக்கை அவகாசம் கடைசி மழையில் சில மணி நேரமாகிவிடலாம். 2021 நவம்பரில், 19ஆம் தேதிக்கு முன்பே மாதத் தொடக்க மழையில் ஏரிகள் நிரம்பிவிட்டிருந்தன. ஏரி உடைந்தால் நிலைமை இன்னும் மோசம். 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் ஏறத்தாழ 200 பேர் மடிந்தார்கள்.

வெள்ளம் டேனரிக்குள் நுழைய வேண்டும் என்றுகூட இல்லை. மழை நாளில் காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி வாசலில் நின்று பார்த்தால் போதும். சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும்; பாதி இருக்கை காலி. தரைப்பாலத்தில் தண்ணீர் போவது ஒரு காரணம். இன்னொன்று, அன்று காலையில்தான் கலெக்டர் பள்ளிக்கு லீவு விட்டிருப்பார். கம்பெனிக்கு லீவு இல்லை. வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் அம்மா எப்படிக் கிளம்புவாள்? ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் வரிசையில் ஒரு இயந்திரத்திலிருந்து அடுத்ததற்கு வேலை நகர்கிறது. நாற்பது பேர் வரிசையில் பத்துப் பேர் வரவில்லையென்றால் உற்பத்தி கால்வாசி குறைந்து நிற்காது. விளிம்பு சீவுகிற ஆளும் நாக்கை இணைக்கிற ஆளும் இல்லையென்றால் மற்ற முப்பது பேரின் கையிலும் வேலை இருக்காது.

2021இன் பருவம் வெள்ளத்தோடு விடவில்லை. நவம்பர் 29 அதிகாலை 4.17க்கு வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டரில் 3.6 அளவுள்ள நிலநடுக்கம் பதிவானது. டிசம்பர் 23 அன்று மறுபடி 3.5. அளவில் சின்னவை; மழையில் ஊறிய சுவருக்குள் தூங்குபவர்களுக்கு அப்படித் தோன்றாது. டிசம்பர் கடைசியில், திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் இடையே பொன்னை ஆற்று ரயில் பாலத்தின் தூணில் சேதம் கண்டு சென்னை மார்க்கத்தில் ரயில்கள் ரத்தாயின. வெள்ளம் வடிந்து வாரங்கள் கழித்தும் அது செய்த வேலை முடியவில்லை.

மழை ஈரம் தனியாகவும் தொல்லை தரும். தோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். ஈரத்தோடு அட்டைப் பெட்டிக்குள் போன ஷூ, சென்னையின் சூட்டில் கன்டெய்னருக்குள் அந்த ஈரத்தை வெளியே விடும். கப்பல் குளிர் கடலுக்குள் நுழைந்ததும் கன்டெய்னரின் இரும்புக் கூரையில் அது நீராகத் திரண்டு பெட்டிகளின் மேலேயே சொட்டும். ஹாம்பர்கில் திறக்கும்போது பூஞ்சை. ஒரு காலத்தில் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பூஞ்சைக்கொல்லிப் பொட்டலங்களை உள்ளே போட்டு இதைச் சமாளிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அது தோலில் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குவதைக் கண்டு 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகு சரியாகக் காயவைப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. காயவைக்க நேரம் வேண்டும். கார்த்திகையில் கிடைக்காதது அதுதான்.

இனி கடிகாரத்துக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது வாலாஜா ரோட்டில், ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில். சென்னை வானாய்வகத்தின் நேரம் இந்தத் தோல் வட்டாரத்துக்குள் தண்டவாளம் வழியாக வந்தது என்று சொல்லலாம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய அந்த மெட்ராஸ் டைம்தான் பிற்பாடு இந்திய ரயில்வேக்கே பொது நேரமாக இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து 5.30 என்ற இந்தியச் சீர்நேரம் வந்தது. ஆம்பூர் இருப்பது 78.7 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே ஆம்பூரின் சராசரி உச்சிப்பொழுது நம் கடிகாரத்தில் 12.15. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதிவரை அரசு கடிகாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியபோது, அதே உச்சிவெயில் 1.15க்கு அடித்தது.

இயற்கைச் சீற்றமே கடிகாரத்தை மாற்றிய கதையும் உண்டு. அது நமக்குப் பக்கத்தில், இலங்கையில். 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்வெட்டைக் குறைக்க, மே 25 அன்று அரசு நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்பது கணக்கு. அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகள், ஒரே தீவில் கட்டுப்பாட்டுக் கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு நேரம். லெபனானில் 2023 மார்ச்சில் ரமலானை முன்னிட்டு கோடைநேரத்தைத் தள்ளிவைப்பதாக அரசு கடைசி நேரத்தில் அறிவித்தது. சிலர் ஏற்றார்கள், சிலர் மறுத்தார்கள், கைபேசிகளுக்கு எதைக் காட்டுவதென்று தெரியவில்லை. சில நாட்களில் அரசே முடிவைத் திரும்பப் பெற்றது.

கைபேசிகள் குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்தின் கணினிகளிலும் கைபேசிகளிலும் பெரும்பாலானவை நேர மண்டலங்களுக்காக ஒரே பொதுத் தரவுத்தளத்தை நம்பியிருக்கின்றன. தன்னார்வலர்கள் பேணும் அதில் ஒவ்வொரு அரசும் எந்தத் தேதியில் கடிகாரத்தை எப்படி மாற்றியது என்ற வரலாறு பதிவாகியிருக்கிறது. இந்தியாவுக்கான வரிகளில் மெட்ராஸ் டைமும் போர்க்கால நேரமும் இன்றும் உள்ளன. ஒரு அரசு ஆறு மாதம் முன்கூட்டிச் சொன்னால் அந்தத் திருத்தம் எல்லாக் கருவிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு நாள் முன்பு சொன்னால் சேராது.

ஆம்பூரில் இந்தக் குழப்பம் ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் வாடிக்கையாக வருகிறது. ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு மாறுகிறது. அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறுதான் மாறுகிறது. பிராண்டின் தலைமையகம் நியூயார்க்கில், கொள்முதல் அலுவலகம் ஜெர்மனியில், தொழிற்சாலை ஆம்பூரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் வாராந்திரக் கூட்டம் ஜெர்மனிக்குப் பிற்பகல் 3.30, நியூயார்க்குக்குக் காலை 9.30, நமக்கு மாலை 7. அந்த இடைப்பட்ட வாரத்தில், கூட்டத்தை நாட்காட்டியில் போட்டவர் ஜெர்மனிக்காரர் என்றால் நமக்கு 8 மணி; நியூயார்க்காரர் என்றால் நமக்கு அதே 7 மணி, ஜெர்மனிக்கு 2.30. அழைப்பை அனுப்பியவர் யார் என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. அந்த வாரத்திலேயே மழையால் ஒரு நாள் உற்பத்தி தள்ளிப்போயிருந்தால், அதைச் சொல்லி அவகாசம் கேட்க வேண்டிய கூட்டமே தவறிப்போகலாம்.

வெள்ளிக்கிழமைக்குத் தனிக் கணக்கு. இந்த ஊர்களில் டேனரி நடத்துபவர்களிலும் வேலை செய்பவர்களிலும் முஸ்லிம்கள் கணிசம். ஜும்ஆ தொழுகை சூரியனின் உச்சியைப் பார்க்கிறது. எந்த அரசின் கடிகாரத்தையும் பார்ப்பதில்லை. கோடையில் ஜெர்மன் அலுவலகம் நமக்கு 12.30க்குத் திறப்பதால், பள்ளிவாசலுக்குப் போகுமுன் அன்றைய முதல் கேள்விக்குப் பதில் எழுதிவிடலாம். குளிர்காலத்தில் அது திறக்கும் 1.30க்குத் தொழுகையும் சாப்பாடும். மறுபடி மேசைக்கு வந்து உட்காரும்போது அங்கே பத்து மணி நெருங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்பும் வழக்கமுள்ள ஊர் அது.

இந்தக் கடிகார மாற்றத்தை ஒழிக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் வாக்களித்தது. 2021க்குப் பிறகு இருக்காது என்பது திட்டம். உறுப்பு நாடுகள் உடன்படாததால் அப்படியே கிடக்கிறது. இந்தியாவிலும் சீர்நேரத்தை அரை மணி முன்னே தள்ளலாம் என்று பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்து ஆய்வாளர்கள் மின்சேமிப்புக் கணக்கோடு வாதாடியிருக்கிறார்கள். 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தினர் வடகிழக்குக்கு வேறு நேரம் வேண்டும் என்று கட்டுரை எழுதினார்கள். அரசு ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வரைவு விதிகள், வணிகத்துக்கும் சட்டத்துக்கும் இந்தியச் சீர்நேரம் ஒன்றையே பயன்படுத்த வேண்டும் என்றன. என் பார்வையில், நேரம் எது என்பதைவிட அது எப்போது மாறும் என்று முன்னமே தெரிந்திருப்பதுதான் வணிகத்துக்கு வேண்டியது. ஐரோப்பா மாறும் ஞாயிறை ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்கே காலண்டரில் குறித்து வைக்கலாம். அதனால்தான் அது தொல்லையாக மட்டும் நின்றுவிடுகிறது.

காகிதங்களுக்குள் இருக்கும் நேரம் அப்படியில்லை. அது கடுமையானது, பலருக்குத் தெரியாதது. சரக்கு லாரிக்கு இ-வே பில் போட்டால் 200 கிலோமீட்டர்வரை ஒரு நாள் செல்லும். ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் அந்த எல்லைக்குள்தான். ஒரு நாள் என்பது, பில் போட்ட தேதிக்கு மறுநாள் நள்ளிரவுவரை. திங்கள் இரவு 11.55க்குப் போட்டால் செவ்வாய் நள்ளிரவில் முடிகிறது, 24 மணி நேரம்தான் கையில். பத்து நிமிடம் பொறுத்து 12.05க்குப் போட்டால் புதன் நள்ளிரவுவரை, கிட்டத்தட்ட 48 மணி நேரம். நெடுஞ்சாலையில் தண்ணீர் ஏறி லாரி நின்றுபோகும் இரவில் இந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன மதிப்பு என்று டிரைவருக்குத் தெரியும். இயற்கைச் சீற்றம் என்று காரணம் காட்டி நீட்டிக்கலாம். முடியும் நேரத்துக்கு முன்போ பின்போ எட்டு மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும், அதற்கு இணையம் இருக்க வேண்டும்.

வங்கிக் காகிதம் இதைவிட மோசம். எல்.சி. எனப்படும் கடன் கடிதங்களை உலகம் முழுக்க ஆள்வது 2007 முதல் நடப்பில் இருக்கும் யுசிபி 600 விதிகள். அதில் 29ஆம் பிரிவு சொல்கிறது: ஆவணங்களைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வங்கிக்குச் சாதாரண விடுமுறையாக இருந்தால், அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம். 36ஆம் பிரிவு சொல்கிறது: வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் போன்றவற்றால் வங்கி மூடியிருந்து, அந்த இடைவெளியில் எல்.சி. காலாவதியானால், வங்கி மறுபடி திறந்தாலும் பணம் தர வேண்டியதில்லை. தீபாவளிக்கு மூடினால் நாள் நீள்கிறது, வெள்ளத்துக்கு மூடினால் நீள்வதில்லை! தன்னால் தடுக்க முடியாததற்கு வங்கி பொறுப்பேற்காது என்பது இதன் தர்க்கம். அதே வெள்ளத்தில் நனைந்த ஏற்றுமதியாளரும் அதைத் தடுத்திருக்க முடியாது. கப்பல் ஏற்ற வேண்டிய கடைசித் தேதிக்கோ எந்த விடுமுறையும் நீட்டிப்புத் தராது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது போன்ற நாளில், கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பலாம் என்று இருந்தவருக்கும் வழி அடைபட்டுவிடும்.

இப்படி இழந்த நேரத்தைக் கடைசியில் எங்கிருந்து ஈடுகட்டுகிறார்கள்? தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மாலை நேரத்திலிருந்து. நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் இரட்டைச் சம்பளம் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்திருந்த எல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தத் திருத்தம் போனது நல்லது என்றே நினைக்கிறேன். ஏரி நிரம்பியதற்கும் பெர்லினில் கடிகாரம் திரும்பியதற்கும் விலையாக, கிராமத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வரும் ஒருத்தியின் முதுகெலும்பைக் கேட்கக் கூடாது.

கேட்க வேண்டியது அறிவிப்பை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்மாவட்டங்களுக்கு நகர்ந்து, வாணியம்பாடிக்குத் தெற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. கடலோரத்தை மட்டும் பார்க்கும் எச்சரிக்கை இந்த வட்டாரத்துக்கு உதவாது. எந்த ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் மேலே எத்தனை கலங்கல் வழிகிறது என்ற தகவல் மூன்று மாநில நீர்வளத் துறைகளிடம் துண்டு துண்டாக இருக்கிறது. அதை ஒன்றாக்கி ஆற்றோரத் தொழிற்பேட்டைகளுக்கு மணிக்கணக்கில் சொல்ல முடியும். டேனரிக்குப் பயன்படும் எச்சரிக்கை என்றால் குறைந்தது 24 மணி நேரம், சுண்ணாம்பு டிரம்மின் ஒரு சுற்று. பள்ளி லீவைக் காலை ஆறரைக்குப் பதில் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குச் சொன்னால், அம்மா பக்கத்து வீட்டில் ஏற்பாடு செய்துகொள்வாள். ஷூ கம்பெனி மேலாளர் மறுநாள் வரிசையை இருக்கிற ஆளை வைத்து மாற்றி அடுக்குவார். டேனரி சூப்பர்வைசர் அன்றிரவு ஊறப்போட இருந்த லோடை உப்பிலேயே விட்டுவிட்டு, ஏற்கெனவே நொதியில் இருக்கும் தோலை அமிலக் கட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்.